பெருமூளை வாதம் (சி.பி.) உள்ள குழந்தையின் கைக்கு வீட்டுப் பயிற்சி: நீவுவதில் தொடங்கி கீரை உருவுவது வரை

"மேடம், கையை மட்டும் நல்லா நீவி விட்டுடுங்க. வீட்ல என் பிடிக்கு அடங்க மாட்டேங்குது." வாரத்துக்கு நாலு அம்மாக்களாவது இப்படிச் சொல்லிக்கொண்டே குழந்தையைப் பாயில் கிடத்துவார்கள். நானும் நீவித்தான் விடுகிறேன். ஆனால் பதினெட்டு வருடம் இதே தெரபி வேலையில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் நீவினால் கை இளகும். வேலை செய்யக் கற்றுக்கொள்ளாது. இளகியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தை தானே எதையாவது எட்டிப் பிடித்தால்தான் மூளை பழகும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்குதான்: பத்து நிமிடம் நம் கை, முப்பது நிமிடம் குழந்தையின் கை.

இதைப் படித்த கையோடு நேராகக் குழந்தையிடம் போக வேண்டாம். ஃபிசியோதெரபிஸ்ட்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ ஒரு தடவை உங்கள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தத்தின் அளவைக் காட்டட்டும். அந்த அளவை எழுத்தில் கொண்டுவர முடியாது.

கை ஏன் மடங்கியே இருக்கிறது

பெருமூளை வாதம், அதாவது சி.பி., கையில் வந்த நோய் இல்லை. கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் ஏற்பட்ட காயம். 1861இல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் சிக்கலான பிரசவத்துக்கும் இந்த விறைப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துப் பேசினார். ரொம்ப காலம் இதற்கு லிட்டில் நோய் என்றே பெயர். "பொறந்ததும் அழல மேடம்" என்று அம்மாக்கள் இன்றும் சொல்வது அதே தொடர்பைத்தான். ஆனால் குறைமாதம், கருவிலேயே நேர்ந்த பாதிப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்று தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

மூளைக் காயம் வளராது. ஆனால் குழந்தை வளரும், எலும்பு நீளும், இறுகிய தசை அந்த வேகத்துக்கு நீளாது. மூன்று வயதில் நீவினால் நேராகிவிட்ட முழங்கை, பத்து வயதில் பாதியிலேயே நின்றுவிடுவது இதனால்தான். வழக்கமான கோலம் உங்களுக்கே தெரியும்: தோள் உடம்போடு ஒட்டியிருக்கும், முழங்கை மடங்கியிருக்கும், உள்ளங்கை தரையைப் பார்க்கும், மணிக்கட்டு கீழே தொங்கும், கட்டைவிரல் முஷ்டிக்குள் ஒளிந்திருக்கும்.

தொடுவதற்கு முன் பாருங்கள்

முதல் வேலை, குழந்தை நன்றாகத் தூங்கும்போது கையைப் பார்ப்பது. தூக்கத்தில் விரல்கள் தாமாக விரிந்து, முழங்கை எளிதாக நீண்டால், பகலில் இருப்பது பெரும்பாலும் நரம்பு தரும் விறைப்பு. அயர்ந்த தூக்கத்திலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகவில்லை என்றால் தசையே குறுகத் தொடங்கியிருக்கலாம். அதை எவ்வளவு நீவினாலும் சரியாகாது, மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. சிரித்தாலும் அழுதாலும் எதையாவது எடுக்க முயன்றாலும் கை முறுக்கிக்கொண்டு எங்கோ போகும், தூங்கினால் அடங்கிவிடும். இதற்கு டிஸ்டோனியா என்று பெயர். இந்தக் குழந்தைக்கு ஸ்ட்ரெச்சால் பெரிய பலன் இல்லை. உட்காரும் விதமும் அவசரப்படுத்தாத சூழலும்தான் உதவும்.

அடுத்து, கை எந்த அளவில் வேலை செய்கிறது என்று பாருங்கள். 2006இல் ஸ்வீடனில் வெளியான எம்.ஏ.சி.எஸ். என்ற ஐந்து நிலைப் பிரிப்பை 4 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலைக் குழந்தை எல்லாப் பொருளையும் எளிதாகக் கையாளும். மூன்றாம் நிலைக்கு யாராவது முன்னேற்பாடு செய்து தர வேண்டும். ஐந்தாம் நிலையில் பொருளைக் கையாளவே முடியாது. உங்கள் குழந்தை எந்த நிலை என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குச் சட்டைப் பட்டன் போடும் இலக்கு வைத்து இருவரையும் வதைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. உள்ளங்கையைப் புண் இல்லாமல் கழுவ முடிவது, சட்டைக் கை சிரமமில்லாமல் நுழைவது, பெரிய சுவிட்சை அமுக்கி ஃபேன் போடுவது ஆகியவை அந்தக் குழந்தைக்குப் பெரிய வெற்றிகள்.

உட்கார வைப்பது

கையைச் சரிசெய்யும் வேலை இடுப்பில் தொடங்குகிறது. உடம்பு ஆடினால் விழாமல் இருக்கவே குழந்தை கையை இறுக்கும். பாதம் தொங்கக் கூடாது. கட்டிய பழைய செய்தித்தாள் கட்டைக் காலுக்கடியில் வையுங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் வரை ஒட்டியிருக்க வேண்டும். மேசை முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். தரையில் உட்காரும் குழந்தை என்றால் அறையின் மூலையில், இரண்டு சுவரும் முதுகுக்கு அணைப்பாக இருக்கும்படி உட்காரவைத்து, முன்னால் ஒரு முக்காலி போடுங்கள்.

பத்து நிமிடம்: நம் கை

குளித்து முடித்த நேரம் சரியானது, வெந்நீரில் தசை இளகியிருக்கும். சாப்பிட்ட உடனே வேண்டாம். எண்ணெய் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ உங்கள் விருப்பம். தசைக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணெய் போட்டு நீவினால் குழந்தைக்குச் சுகமாக இருக்கும், தூக்கம் வரும், அவ்வளவே. ஆனால் பயிற்சிக்கு முன் உள்ளங்கையைத் துண்டால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். வழவழத்த கையில் கிண்டியைக் கொடுத்துவிட்டு "பிடிக்க மாட்டேங்குறான்" என்று அவனைத் திட்டிய அப்பாவை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி, மெதுவாகச் செய்வது. விறைப்பு வேகத்துக்கு எதிராக எழும். வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மெல்லக் கொண்டுபோய், தசை தடுக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கேயே அரை நிமிடம் காத்திருந்தால், வெண்ணெய் இளகுவதுபோல அது கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உங்கள் விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் இன்னும் அரை நிமிடம். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒன்றிரண்டு தடவை போதும்.

தோளில் தொடங்குங்கள். குழந்தை ஒருக்களித்துப் படுத்திருக்க, உங்கள் ஒரு உள்ளங்கை தோள்பட்டை எலும்பின்மேல் இருக்கட்டும். முதலில் அந்த எலும்பை முன்பக்கமாகவும் மேல்பக்கமாகவும் மெல்லச் சறுக்கி விடுங்கள். அது நகர்ந்த பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும்போது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கினால் தோள் மூட்டு நசுங்கி வலிக்கும். கையைப் பிடித்துக் குழந்தையைத் தூக்குவது எப்போதுமே கூடாது.

முழங்கைக்கு, மேல்கையை ஒரு கையால் தாங்கி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே மற்றொரு கையால் பிடித்து நீட்டுங்கள். பிறகு முழங்கையை மடக்கி, கோயிலில் பிரசாதம் வாங்க நீட்டுவதுபோல உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்கையைத் திருப்ப வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, குழந்தையின் விரல்களையோ உள்ளங்கையையோ பிடித்துத் திருகுவது. அப்போது திருகுவது மணிக்கட்டுத்தான், முன்கை அல்ல. முன்கையின் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள்.

இனி முஷ்டி. நேரடியாக விரல்களைப் பிரிக்கப் போராடாதீர்கள். உங்கள் கையிலேயே செய்து பாருங்கள்: மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தாமாக விரியும், மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாக மடங்கும். விரலை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் இப்படி நடக்கிறது. குழந்தைக்கும் இதே வழிதான். முதலில் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் கீழே மடக்குங்கள், முஷ்டி தளரும். சுண்டுவிரல் பக்கமிருந்து உங்கள் விரலை உள்ளே நுழைத்து, எல்லா விரல்களையும் ஒன்றாக நீட்டிப் பிடியுங்கள். விரல்கள் நீண்ட நிலையிலேயே மணிக்கட்டை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். விரல் மடங்கியிருக்க மணிக்கட்டை மட்டும் தூக்கினால் அந்த நீளமான தசை துளிகூட நீளாது.

கட்டைவிரலை நுனியில் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். விரல் நன்றாகப் பின்னால் வளைந்தது, எனக்கும் பெருமை. என் சீனியர் வந்து பார்த்துவிட்டு என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். வளைந்தது நடு மூட்டின் சவ்வு, இறுகிய தசை இறுகியபடியே இருந்தது. உள்ளங்கையோடு கட்டைவிரல் சேரும் அந்தச் சதைமேட்டில் பிடித்து, அடி எலும்பையே வெளிப்பக்கமாக விலக்க வேண்டும்.

கடைசியாக, விரிந்த உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, குழந்தை அந்தப் பக்கம் சாய்ந்து உட்காரட்டும். நீங்கள் முழங்கையை மட்டும் தாங்குங்கள். மறு கையால் அவன் ஒரு பொம்மையை எட்டி எடுக்க, ஒரு நிமிடம் போய்விடும்.

இவ்வளவு விவரமாகச் சொன்ன பிறகும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கை ஸ்ட்ரெச்சை மட்டும் செய்தால் மூட்டு நிரந்தரமாக மடங்கிப்போகாது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு ஏன் செய்கிறோம்? உள்ளங்கையைக் கழுவ, நகம் வெட்ட, சட்டை மாட்ட, அடுத்து வரும் அரை மணி நேரத்துக்குக் கையைத் தயார் செய்ய. தினமும் ஒரு மணி நேரம் நீவிவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தொட்டிலில் போடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் "நரம்பைத் தட்டிவிட" தூக்கிப் போவதைப் பார்த்தால் கோபமே வரும்.

முப்பது நிமிடம்: குழந்தையின் கை

முதலில் இலக்கு வையுங்கள். "கை நல்லா வரணும்" என்பது இலக்கு இல்லை. "டிபன் பாக்ஸைத் தானே திறக்கணும்" என்பது இலக்கு. முடிந்தால் குழந்தையே சொல்லட்டும். ஒரு ஆறு வயதுப் பையனிடம் கேட்டேன், "தம்பி கையைத் தட்டி விடணும்" என்றான். சிரிப்பு வந்தாலும் எழுதிக்கொண்டேன். எட்டுவதும் தள்ளுவதும் அதில் இருக்கிறதே.

பிறகு அந்தக் காரியத்தையே செய்ய வைக்க வேண்டும். பந்தை அமுக்கிப் பழகினால் டிபன் பாக்ஸ் தானாகத் திறந்துவிடாது. டிபன் பாக்ஸைத் திறந்து திறந்துதான் அது வரும். பாக்ஸ் கடினமாக இருந்தால் மூடி தளர்ந்த பாக்ஸில் தொடங்கி இறுக்கமானதுக்குப் போங்கள். பாதிக் காரியத்தை நீங்கள் முடித்துவிட்டு, கடைசிப் படியை அவனுக்கு விடலாம். கையோடு கை வைத்து முழுவதும் நீங்களே செய்துவிட்டால் அது உங்கள் பயிற்சிதான்.

ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு, வேறு யாரும் சொல்லித் தராத பயிற்சி நம் அடுக்களையில் இருக்கிறது. முருங்கைக்கீரை உருவுவது. பாதித்த கை காம்பைப் பிடிக்க வேண்டும், நல்ல கை உருவ வேண்டும். பாதித்த கைக்கு வித்தை எதுவும் தேவையில்லை, விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஐந்து வயதுப் பெண் ஒருத்திக்கு இதைத் தொடங்கியபோது முதல் நாள் ஒவ்வொரு உருவலுக்கும் காம்பு கையோடு வந்துவிட்டது. பாட்டி பொறுமையிழந்து பிடுங்கப் போனார், தடுத்துவிட்டேன். பென்சில் கனத்துக்குத் தடித்த காம்பாகப் பார்த்துக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில், காம்பு நழுவப் போகும்போது அவளே பிடியை இறுக்குவது தெரிந்தது. அவள் கண் கையில் இல்லை, இலையில் இருந்தது. அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வரிசையில் நிலக்கடலை உரிப்பது, வாழைப்பழம் உரிப்பது, சப்பாத்திக் கட்டையை இரு கையாலும் உருட்டுவது, துண்டைப் பிழிவது, முறுக்கு அச்சை அமுக்குவது, பல்லாங்குழியைப் பிடித்துக்கொண்டு சோழி போடுவது. கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் 'தெரபி டாய்' எதுவும் இவற்றை விட உயர்த்தி இல்லை. சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்றால் கடலையும் சோழியும் வேண்டாம்.

கழிவறையை யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒரு கை மக்கைப் பிடிக்க, மறு கை கழுவுகிறது. இதுவும் இரு கை வேலைதான், பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு மானப் பிரச்சினையும் கூட. காய்ந்த தரையில் உட்கார்ந்து, அரை மக்கு தண்ணீரில் பழக்குங்கள். வலப்பக்கம் பாதித்த குழந்தை இடக் கையால் சாப்பிட்டால் திட்டாதீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எந்த அத்தையாவது ஏதாவது சொன்னால், அத்தையைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு. வலக் கை தட்டைப் பிடிக்கட்டும்.

நல்ல கையைக் கட்டிப்போடலாமா?

இதற்குப் பின்னால் கெட்டியான ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டாப் வளர்த்தெடுத்த முறை இது. நல்ல கையைத் தடுத்து, பாதித்த கைக்குத் தீவிரப் பயிற்சி தருவது. இதற்கு மாற்றாக நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் இரு கையையும் சேர்த்துப் பழக்கும் முறையை உருவாக்கினார்கள். தினமும் 6 மணி நேரம், 15 நாள், மொத்தம் 90 மணி நேரம். ஒரே அளவு நேரம் பழக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தருகின்றன.

வீட்டில் முயல்வதென்றால் ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்குத்தான். நல்ல கையில் கண், மூக்கு வரைந்த சாக்ஸை மாட்டி அதை ஒரு பொம்மையாக்கி, அரை மணி நேரம் விளையாட்டாகச் செய்யுங்கள். நடக்கும்போது கழற்றிவிட வேண்டும், விழுந்தால் ஊன்ற அந்தக் கைதான் இருக்கிறது. அழுதாலும் கழற்றிவிடுங்கள். கயிற்றால் கட்டுவது கூடவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தெரபிஸ்ட் சொல்லாமல் செய்யாதீர்கள்.

எவ்வளவு நாள்?

2020இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு இதை மணிக்கணக்கில் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி, கையின் பொதுத் திறன் கூட 30 முதல் 40 மணி நேரம். தினமும் அரை மணி என்றால் மாதத்துக்குப் பதினைந்து மணி நேரம். ஆக, டிபன் பாக்ஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மாதம். வாரம் ஒரு நாள் சென்டருக்கு வந்து முக்கால் மணி நேரம் செய்துவிட்டுப் போனால் இதே கணக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்கு நீளும். வீட்டுப் பயிற்சியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பிளின்ட், ஊசி

கட்டைவிரலை வெளியே நிறுத்தும் சின்னத் துணி ஸ்பிளின்ட், வேலை செய்யும்போது போடுவதற்கு நல்லது. கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவந்த தடம் மறையவில்லை என்றால் அளவு தவறு, செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். விறைப்புக்குப் போடும் போட்டுலினம் ஊசியின் பலன் ஏறத்தாழ மூன்று நான்கு மாதம்தான். அந்த மாதங்களில்தான் பயிற்சியை இரட்டிப்பாக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் காசு வீண்.

எப்போது நிறுத்த வேண்டும்

காய்ச்சல், அன்றைக்கு வலிப்பு வந்தது, மூட்டில் வீக்கம், தொட்டாலே அலறல் என்றால் அன்று பயிற்சி இல்லை. நடக்காத குழந்தைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும். ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகளும் எலும்பைப் பாதிக்கலாம். முரட்டுத்தனமாக நீட்டி முறித்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். திடீரென்று கை வீங்கி, குழந்தை அசைக்க மறுத்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இன்னொன்று, சி.பி. பின்னோக்கிப் போகாது. நேற்றுவரை பிடித்த பொருளை இப்போது பிடிக்க முடியவில்லை, திறன் வரவரக் குறைகிறது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம். அதேபோல ஒரு வயது முடியாத குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் "இடக் கை பழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் சென்னையின் வித்யாசாகர், தென்காசி பக்கம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான NIEPMD ஆகியவை இந்த வேலையில் பழக்கப்பட்டவை. ஊனச் சான்றிதழ் வாங்கியதும் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும்.

ஒரு வீடியோ

மாதத்தின் முதல் ஞாயிறு, அதே நாற்காலி, அதே டிபன் பாக்ஸ், ஒரு நிமிட வீடியோ. அந்த ஒரு நிமிடம் உதவாதீர்கள், "கமான்" என்று கத்தவும் வேண்டாம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மூன்றாவது மாத வீடியோவை முதல் மாதத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடி திறந்ததா என்பதைவிட, பாதித்த கை பாக்ஸின் எந்த இடத்தில் போய்ப் பிடித்தது, நீங்கள் சொல்லாமலே போனதா என்று கவனியுங்கள். அடுத்த தடவை வரும்போது அந்த இரண்டு வீடியோவையும் உங்கள் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.